மகளின் நேரத்தை முதலில் எடுப்பது வீடே

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கல்லடியிலிருந்தும் காரைதீவிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்திருக்கும் பெற்றோரே, வணக்கம்.

பெண் பிள்ளைகள் சதுரங்கத்தில் முன்னேறாமைக்குப் பெரிதும் காரணம் பாடசாலையா, வீடா என்பது இன்றைய கேள்வி. பாடசாலைகளில் பயிற்றுநர் இல்லை, கழகம் இல்லை, பரீட்சையைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்று எதிரணித் தலைவர் அடுக்கினார். அந்தக் குறைகளை நான் மறுக்கவில்லை. ஆயினும் தரம் ஐந்திலும் ஆறிலும் அண்ணனைப் பலகையில் வென்றுகொண்டிருந்த பிள்ளை, சாமத்தியச் சடங்கு முடிந்த கையோடு போட்டிகளுக்கு வராமல் போகிறாளே, அவளை நிறுத்தியது யார்? அதே பாடசாலைக்குத்தான் அவள் தொடர்ந்து போகிறாள். மாலையில் ரியூசனுக்கும் போகிறாள். சதுரங்கம் மட்டும் வேண்டாம் என்ற முடிவு வீட்டு விறாந்தையில் எடுக்கப்படுகிறது.

இந்த விளையாட்டுக்கு மைதானம் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். அது கேட்பது நேரம், அதுவும் இடையில் அறுபடாத நேரம். சர்வதேச அளவிலான நீண்ட ஆட்டங்களில் முதல் 40 நகர்த்தல்களுக்கு ஆளுக்கு 90 நிமிடமும், அதன்பின் 30 நிமிடமும், நகர்த்தலுக்கு 30 வினாடி கூடுதலாகவும் கொடுப்பது வழக்கம். ஓர் ஆட்டம் நான்கைந்து மணித்தியாலம் நீளக்கூடும். அவ்வளவு நேரம் ஒரே ஆட்டத்தை மனத்தில் தாங்கிப் பழக வேண்டிய பிள்ளையை, தேத்தண்ணி ஊற்றவும் முற்றம் கூட்டவும் தம்பியைப் பார்க்கவும் நாம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுப்புகிறோம். எதிரே இருக்கும் அண்ணனை ஒருவரும் எழுப்புவதில்லை. அப்படி வளர்ந்த இருவர் போட்டி மேசையில் அமரும்போது அவன் வென்றால், ஆண் பிள்ளைக்குத்தான் கணக்குப் போடும் மூளை என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். இதைவிடப் பெரிய அநீதி எனக்குத் தெரியவில்லை.

வீடு மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஹங்கேரியின் போல்கார் சகோதரிகளே சாட்சி. தகப்பன் லாஸ்லோ மூன்று பெண்களையும் வீட்டிலேயே படிப்பித்துச் சதுரங்கம் பழக்கினார். அதற்கு அனுமதி பெற அதிகாரிகளோடு போராடவும் நேர்ந்தது. அங்கே அரசு தடுத்தது, வீடு விட்டுக்கொடுக்கவில்லை. 1991இல் இளைய மகள் ஜூடிட் 15 வயதில், சதுரங்கத்தின் உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பெற்று, அதை மிக இளவயதில் பெற்றவர் என்ற அமெரிக்க வீரர் பொபி ஃபிஷரின் சாதனையை முறியடித்தார். பின்னர் ஆண் பெண் இருபாலாரும் அடங்கிய உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை உயர்ந்தார்.

அவ்வளவு தூரம் போவானேன், கடலுக்கு அப்பால் சென்னையைப் பாருங்கள். தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கவென்று வைஷாலியைப் பெற்றோர் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத்தான் தம்பி பிரக்ஞானந்தா காய்களைத் தொட்டார். பிள்ளைகள் ஆடப் போன இடமெல்லாம் தாய் கூடவே போனார். இன்று உலகில் இருவரும் கிராண்ட்மாஸ்டர்களான முதல் அக்கா தம்பி அவர்களே. மகளுக்காகத் திறந்த கதவால் மகனும் பயன் பெற்றான் என்பதை, மகனுக்கு மட்டும் பலகை வாங்கும் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

எதிரணியினர் ஜோர்ஜியாவைக் காட்டி, அங்கே பெண்களுக்குப் பயிற்சி அளித்தது அரசே என்றார்கள். அளித்தது, உண்மை. 1962 முதல் 1991 வரை பெண்கள் உலகப் பட்டம் நோனா கப்ரின்டாஷ்விலி, மாயா சிபுர்டானிட்ஸே என்ற இரண்டு ஜோர்ஜியப் பெண்களிடமே இருந்தது. நோனா 1978இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் ஆனார். ஆனால் அந்நாட்டில் மணப்பெண்ணின் சீதனத்தோடு சதுரங்கப் பலகையும் வைத்துக் கொடுக்கும் வழக்கம் பழைய காலத்திலேயே இருந்ததாகச் சொல்வார்கள். அரசு பின்னால் வந்தது. பலகை அதற்கு முன்பே பெண்ணின் வீட்டில் இருந்தது.

சீதனம் என்றதும் நம்மைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மட்டக்களப்புத் தேசத்தில் குடியை, அதாவது வம்சத்தை, தாய்வழியாக எண்ணுகிறோம். மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டையே அவள் பெயருக்கு எழுதுகிறோம். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுகிறார். கல்லும் மண்ணும் தேடிக் கடன்பட்டு அவளுக்கு வீடு கட்டுகிற நாம், அந்த வீட்டுக்குள் அவளுக்கென்று இரண்டு மணித்தியாலம் ஒதுக்கத் தயங்குகிறோம். கொழும்பில் போட்டி என்றால் மகனை இரவு ரயிலில் ஏற்றிவிடுகிறோம். மகளென்றால் யார் கூடப் போவது என்ற கேள்வியோடு விண்ணப்பம் அலுமாரிக்குள் போய்விடுகிறது. பிள்ளையின் பாதுகாப்பை நினைக்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூடப் போக ஒரு தாயோ மாமியோ முன்வந்தால் அந்தத் தடை தீரும், அதைத் தீர்க்கக் கல்வி வலயத்தின் கடிதம் தேவையில்லை. அந்தத் தாயும் காய் நகர்த்தப் பழகிக்கொண்டால் மகளுக்கு வீட்டிலேயே ஓர் எதிராளி கிடைப்பாள்.

பாடசாலையில் கழகம் இல்லாமல் பிள்ளை எப்படி ஆடுவாள் என்று எதிரணியினர் கேட்டார்கள். நடுவர் அவர்களே, கிரிக்கெட் அணி இல்லாத பாடசாலையில் அதைக் கேட்டு அதிபரிடம் போகும் தகப்பன்மார் எத்தனையோ பேர். என் மகளுக்குச் சதுரங்கக் கழகம் வேண்டும் என்று அதே அதிபரின் கதவைத் தட்டும் பெற்றோரை நாம் எங்கே காண்கிறோம்? கேட்பதற்கு வீட்டிலிருந்து எவரும் வராதபடியால்தான் பாடசாலையும் பேசாமல் இருக்கிறது.