விளக்குதல் என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை ஆங்கிலச் சொற்கள்!

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கில–தமிழ் அகராதியில் எக்ஸ்ப்ளெய்ன் என்ற சொல்லைத் தேடினால் ‘விளக்கு’ என்று இருக்கும். இல்லஸ்ட்ரேட், எலூசிடேட், கிளாரிஃபை என்று தேடினாலும் அதே ‘விளக்கு’தான். அகராதி சொல்வது பிழையில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி ஆங்கிலம் எழுதும்போது வாக்கியம் கோணலாகிறது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு செயலைக் குறிப்பவை.

இல்லஸ்ட்ரேட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். இதன் லத்தீன் வேருக்கு ஒளியூட்டுதல் என்று பொருள். பளபளப்பைக் குறிக்கும் லஸ்டர் என்ற சொல்லும் இதன் உறவுதான். நம் மொழியிலும் எரிவது விளக்கு, பாத்திரம் தேய்ப்பதும் விளக்குதல், பொருள் சொல்வதும் விளக்குதல். வேரளவில் இவ்வளவு பொருத்தமான இணை அபூர்வம். ஆனால் வழக்கில் ஒரு கட்டுப்பாடு உண்டு: உதாரணமோ படமோ நிகழ்ச்சியோ கையில் இருந்தால்தான் இல்லஸ்ட்ரேட் செய்ய முடியும். அதனால்தான் ‘வித்’ என்ற சொல் அதன் பின்னாலேயே வருகிறது. வினாத்தாளில் ‘எக்ஸ்ப்ளெய்ன் வித் இல்லஸ்ட்ரேஷன்ஸ்’ என்று கண்டதும் படம் வரையத் தொடங்கும் மாணவர்கள் உண்டு. பெரும்பாலும் அங்கே கேட்கப்படுவது எடுத்துக்காட்டு. படம் வேண்டுமானால் ‘டயக்ராம்’ என்றே கேட்பார்கள்.

எக்ஸ்ப்ளெய்னின் வேரில் இருப்பது சமதளம். மேடுபள்ளத்தை நிரவி நடக்க வழி செய்வது. ஏன், எப்படி என்ற கேள்விகளுக்கு உரிய சொல் இது. நாம் அதிகம் தவறுவதும் இங்கேதான். ‘டெல் மி’, ‘ஷோ மி’ சரி என்பதால் ‘எக்ஸ்ப்ளெய்ன் மி’ என்று எழுதிவிடுகிறோம். ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மி’ என்பதே சரி. ‘அதைப் பற்றி விளக்கு’ என்ற நம் வழக்கு உள்ளே நுழைந்து ‘எக்ஸ்ப்ளெய்ன் அபவுட்’ ஆகிறது. அந்த ‘அபவுட்’ தேவையே இல்லை. எழுத்துப்பிழை ஒன்றும் உண்டு: வினைச்சொல்லில் ‘பிளெய்ன்’ என்று வரும் ‘ஐ’ எழுத்து, எக்ஸ்பிளனேஷன் என்ற பெயர்ச்சொல்லில் கிடையாது.

கிளாரிஃபை என்றால் தெளியவைப்பது. வெண்ணெயை மெல்லிய தீயில் உருக்கி, மேலே நிற்கும் நுரையை எடுத்து, அடியில் தங்கும் பால் கசடை விட்டுவிட்டுத் தெளிந்த கொழுப்பை மட்டும் வடித்தால் ஆங்கிலத்தில் அது ‘கிளாரிஃபைடு பட்டர்’. கசடு சிவக்கும்வரை மேலும் காய்ச்சினால் நம் நெய். கலங்கல் இருந்தால்தானே தெளியவைக்க முடியும்? ஒளிச்சேர்க்கையைக் கேள்வியே படாத மாணவனுக்கு அதைக் கிளாரிஃபை செய்ய முடியாது, எக்ஸ்ப்ளெய்ன்தான் செய்யவேண்டும். அவன் அரைகுறையாகப் புரிந்துகொண்டு குழம்பும்போது கிளாரிஃபை வரலாம். இன்னொன்று: கேள்வி இருக்கிறது என்ற பொருளில் நாம் ‘டவுட்’ என்கிறோம். இந்தியாவில் அது புரியும். பிரிட்டனில் ‘உங்கள் பேச்சில் எனக்கு நம்பிக்கை குறைவு’ என்று காதில் விழக்கூடும். அங்கே ‘கொஸ்டின்’ என்று சொல்வது நல்லது.

எக்ஸாம்பிளின் வேர்ப்பொருள் வெளியே எடுத்தது. சாம்பிள் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. எடுத்துக்காட்டு என்ற தமிழ்ச்சொல்லைப் பிரித்துப் பாருங்கள். எடுப்பதும் காட்டுவதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பானைச் சோற்றில் எடுத்துப் பார்க்கும் ஒரு சோறுதான் எக்ஸாம்பிள். ஆகவே எக்ஸெம்ப்ளிஃபை என்ற வினைக்கு எழுவாயாகப் பெரும்பாலும் அந்தச் சோறுதான் வரும், சமைத்தவர் அல்ல. ‘இந்தக் கவிதை அவர் நடையை எக்ஸெம்ப்ளிஃபை செய்கிறது’ என்பது இயல்பான வாக்கியம்.

எக்ஸ்ப்ளிகேட் மடிப்பைப் பிரிப்பது. இலக்கிய ஆய்வில் வரிவரியாகப் பொருள் காண்பதற்குப் பொருந்தும். எக்ஸ்பவுண்ட் ஒரு கோட்பாட்டை நெடுக எடுத்துரைப்பது. எலூசிடேட் மிடுக்கான சொல். அலுவலகக் கடிதத்தில் அது தேவையில்லாத கனம்.

டெமான்ஸ்ட்ரேட்டில்தான் கவனம் அதிகம் வேண்டும். காட்டுவது, நிறுவுவது என்ற இரண்டும் அதற்குள் அடக்கம். வடிவியல் நிரூபணத்தின் கடைசியில், ‘நிறுவ வேண்டியது இதுவே’ என்ற பொருளில் எழுதும் க்யூ.ஈ.டி. என்ற லத்தீன் சுருக்கத்தின் மூன்றாம் எழுத்து இந்தச் சொல்லின் லத்தீன் வடிவத்தையே குறிக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றிரண்டு உதாரணங்களை வைத்துக்கொண்டு டெமான்ஸ்ட்ரேட் என்று எழுதுவது பெரிய பிழை. ஓர் எண்ணை அதன் வர்க்கத்தோடு கூட்டி, அத்துடன் 41ஐயும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை எந்த எண்ணை எடுத்தாலும் விடை பகா எண். நாற்பது உதாரணம் கிடைத்துவிட்டது, எப்போதும் இப்படித்தான் என்று எழுதக் கை துடிக்கும். 40ஐப் போட்டால் வருவது 1681. அது 41ஐ 41ஆல் பெருக்கிய எண், பகா எண் அல்ல. அந்த நாற்பதுக்கும் உரிய வினை இல்லஸ்ட்ரேட் மட்டுமே. உதாரணங்களிலிருந்து ஒரு போக்கு தெரிகிறது என்று சொல்ல விரும்பினால் ‘சஜஸ்ட்’ என்று எழுதுங்கள். டெமான்ஸ்ட்ரேட்டை நிரூபணமோ முறையான சோதனையோ கையில் இருக்கும் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.