எண்டோஸ்கோப்பி நார்மல், ஆனால் சோறு இறங்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர். பக்கவாதம் வந்தவர்கள், தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்று பலர் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு என்ன நோய் என்பது முன்பே தெரிந்திருக்கும். இன்று நான் பேசப்போவது அது தெரியாமல் அலைகிறவர்களைப் பற்றி. சாப்பிட்டால் நெஞ்சில் நிற்கிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. கையில் தடித்த ஃபைல் இருக்கும். உள்ளே எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், 'நார்மல்'. கடைசிச் சீட்டில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள்.

எண்டோஸ்கோப்பி நார்மல் என்பதால் விழுங்குவதும் நார்மல் என்று ஆகிவிடாது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

எண்டோஸ்கோப்பி உணவுக்குழாயின் உட்சுவரைக் காட்டும். புண், கட்டி, சுருக்கம் இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதனால் அதைத் தவிர்க்கவே கூடாது. அடைப்பு நாளுக்கு நாள் கூடுகிறது, எடை குறைகிறது, புகையிலைப் பழக்கம் உண்டு என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் விழுங்குவது ஓர் அசைவு. வாயிலும் தொண்டையிலும் முப்பதுக்கு மேற்பட்ட தசைகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கி, மூச்சுப் பாதையை ஒரு கணம் மூடி, கவளத்தை உள்ளே அனுப்புகின்றன. பிறகு சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய், அலையாகச் சுருங்கி அதைக் கீழே தள்ள வேண்டும். இரைப்பையின் வாசலில் உள்ள வளையத்தசை அந்த நேரம் பார்த்துத் திறக்க வேண்டும். வெறும் வயிற்றோடு படுத்திருப்பவரின் உணவுக்குழாய்க்குள் போகும் கேமரா, இந்த அசைவு சரியாக நடக்கிறதா என்று சொல்லாது.

என்னிடம் வந்த ஓர் அம்மாவைச் சொல்கிறேன். இட்லிகூட நிற்கும். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, தள்ளித் தள்ளித்தான் சாப்பிடுவார். சில சமயம் அந்தத் தண்ணீரே நிற்கும். இரவில் படுத்தால் சாப்பிட்ட சோறு புளிப்பில்லாமல், ஜீரணமாகாமல் அப்படியே வாய்க்கு வரும். இருமி எழுந்து உட்காருவார். இருமலும் எடை குறைவும் இருந்ததால் காசநோய்ப் பரிசோதனை நடந்தது. நெஞ்செரிச்சல் என்றதும் 'கேஸ்' மாத்திரை. வெறும் வயிற்றில் காலையில் ஒன்று, பிறகு இரவிலும் ஒன்று. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பந்தியில் உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் கக்கிவிடுவோமோ என்ற பயம்.

அவருக்கு இருந்தது அகலேசியா. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் உள்ள நரம்புச் செல்கள் அழிந்துபோவதால் வளையத்தசை தளராது, மேலே அலையும் எழாது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குப் புதிதாக வருகிற நோய் என்பதால் மருத்துவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவதில்லை. தேங்கிய உணவு உள்ளேயே புளித்து எரிச்சலைத் தரும். அது அமில நோய் மாதிரியே இருப்பதால் பல ஆண்டுகள் மாத்திரையிலேயே போய்விடுவது உண்டு. ஆரம்பக் கட்டத்தில் எண்டோஸ்கோப்பியும் நார்மலாகவே இருக்கலாம்.

இதைக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனைகள் இரண்டு. ஒன்று பேரியம் எக்ஸ்ரே. வெள்ளைக் கரைசலைக் குடிக்கக் குடிக்கப் படம் எடுப்பார்கள். அகலேசியாவில் உணவுக்குழாய் கீழே பறவை அலகு போலக் கூம்பி நிற்கும். இன்னொன்று மேனோமெட்ரி. மெல்லிய குழாயை மூக்கு வழியாக இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விழுங்கச் சொல்லி, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு அழுத்தம் என்று அளப்பார்கள். குழாய் இறங்கும்போது சங்கடமாக இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்லா ஊரிலும் இந்த வசதி கிடையாது. பெரிய மருத்துவமனைகளின் இரைப்பை - குடல் பிரிவில் விசாரியுங்கள்.

காரணம் தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் 1913-இல் அந்த வளையத்தசையை வெட்டித் தளர்த்தும் அறுவை சிகிச்சையைச் செய்தார். ஜப்பானில் ஹருஹிரோ இனோவே, வெளியே கத்தி வைக்காமல் எண்டோஸ்கோப் வழியாகவே அதைச் செய்யும் 'போயம்' முறையை 2008-இல் மனிதர்களுக்குச் செய்யத் தொடங்கினார். அது இப்போது நம் நாட்டிலும் நடக்கிறது. அழிந்த நரம்பு திரும்பாது. ஆனால் சோறு இறங்கும்.

அடைக்கிறவர்கள் எல்லோருக்கும் அகலேசியா என்று நான் சொல்லவில்லை. மருத்துவரிடம் "தொண்டை அடைக்குது" என்று மட்டும் சொல்லாமல் விவரமாகச் சொல்லுங்கள். முதலில் கெட்டியான உணவு மட்டும் நின்று, போகப்போகக் கஞ்சியும் நிற்கிறது என்றால் பாதை குறுகுகிறது என்று சந்தேகிப்பார்கள். ஆரம்பத்திலிருந்தே சோறும் தண்ணீரும் இரண்டும் நிற்கிறது என்றால் அசைவில் கோளாறு இருக்கலாம். சாப்பிடத் தொடங்கும்போது நன்றாக இருந்து, பாதியில் வாய் களைத்துப்போகிறது, சாயங்காலம் இமையும் தொங்குகிறது என்றால் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் மயஸ்தீனியா என்ற நோய் அப்படித் தொடங்கலாம். எச்சில் விழுங்கும்போது உருண்டை மாதிரி இருக்கிறது, சாப்பாடு மட்டும் சுலபமாக இறங்குகிறது என்றால் அது வேறு வகை, பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

ரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கவனியுங்கள். நீண்ட நாள் இரும்புச் சத்துக் குறைந்தால் தொண்டைக்குக் கீழே மெல்லிய சவ்வு வளர்ந்து மறிக்கலாம். ஹீமோகுளோபின் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். ஆஸ்துமா, அலர்ஜி உள்ள இளைஞர்களுக்கு இறைச்சித் துண்டு சிக்கிக்கொள்கிறது என்றால், உணவுக்குழாயின் சுவர் பார்க்க நார்மலாக இருந்தாலும் பயாப்சி, அதாவது சுவரிலிருந்து சிறு சதைத் துணுக்கு, எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இயோசினோபில் என்ற அணுக்கள் அங்கே குவிந்திருப்பது நுண்ணோக்கியில்தான் தெரியும்.

நெஞ்சில் நிற்காமல், விழுங்குகிற கணத்திலேயே புரையேறுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் தொண்டையில். தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று விட்டுவிடுவது நம் வழக்கம். எப்போதாவது என்றால் சரி. தினமும் என்றால், குடித்த பிறகு குரல் கொழகொழவென்று மாறுகிறது என்றால், காரணமில்லாமல் நிமோனியா திரும்பத் திரும்ப வருகிறது என்றால் பரிசோதிக்க வேண்டும். பார்க்கின்சன் நோயின் தொடக்கமாகக்கூட இருக்கலாம். சிலருக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது. அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. காது மூக்கு தொண்டை மருத்துவரும் எங்களைப் போன்ற சிகிச்சையாளரும் சேர்ந்து, மூக்கு வழியாகக் கேமரா விட்டு, சாப்பிடவைத்தே பார்ப்போம். எக்ஸ்ரே வீடியோவிலும் பார்க்கலாம்.

மனக்கவலையும் இவர்களுக்கு இருக்கும். ஒவ்வொரு வேளையும் மூச்சு அடைக்குமோ என்று பயந்து சாப்பிடுகிறவருக்கு எப்படி இல்லாமல் போகும்? அதற்கும் உதவி பெறுங்கள். ஆனால் அசைவை அளந்து பார்ப்பதற்கு முன்பே "எல்லாம் மனசுதான்" என்று ஒருவரை அனுப்பிவைப்பது நியாயமில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் ஒருவர் உங்கள் ஒரு வேளைச் சாப்பாட்டை செல்போனில் வீடியோ எடுத்துத் தரட்டும். மாதா மாதம் எடையைக் குறித்துவையுங்கள். "எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை என்றால் பேரியமும் மேனோமெட்ரியும் தேவையா?" என்று நேராகக் கேளுங்கள். பரிசோதனைக்குத் தேதி கிடைக்கும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுங்கள், இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள், கட்டிலின் தலைமாட்டை உயர்த்திவையுங்கள். சாப்பிட்டது சிக்கி, எச்சில்கூட இறங்காமல் வெளியே வழிந்தால் வீட்டில் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நன்றி, வணக்கம்.