துண்டு போட்டுப் பிடித்த இடம்

வணக்கம். வெளிநாட்டில் பார்த்த ஒரு கலை நிகழ்ச்சியைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவேனோ இல்லையோ, டிக்கெட்டைப் பற்றிக் கட்டாயம் பேசுவேன். எந்த அரங்கமானாலும் அதன் மிக மலிவான டிக்கெட்டில்தான் நல்ல ரசிகன் இருப்பான் என்று முப்பது வருஷமாகச் சொல்லித் திரிகிற ஆள் நான். தரை டிக்கெட்டில் படம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

பத்து வருஷம் முன்பு வியன்னா போயிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் இரண்டு நண்பர்களோடு சாயங்காலம் சும்மா நடந்துகொண்டிருந்தேன். பாலே நடனம் பார்க்கிற எண்ணமே இல்லை, எங்கே சாப்பிடலாம் என்பதுதான் பேச்சு. ஸ்டேட் ஓப்பரா என்கிற அந்த ஊர்ப் பெரிய அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவருகே ஒரு வரிசை. மாணவர்கள், மழைக்கோட்டுப் போட்ட பாட்டிகள், தரையில் உட்கார்ந்து ரொட்டி தின்கிற ஒரு ஜோடி. விசாரித்தால், இன்றைக்கு 'ஸ்வான் லேக்', அன்னங்களின் கதை சொல்லும் பாலே, இது நின்று பார்க்கிறவர்களுக்கான டிக்கெட், காட்சிக்கு 80 நிமிஷம் முன்னால் கவுண்டர் திறக்கும், ஆளுக்கு ஒன்றுதான் என்றார்கள். விலை? அப்போது மேல்மாடத்துக்கு 3 யூரோ. அந்த ஊரில் ஒரு காப்பி குடித்தாலே அதைத் தாண்டிவிடும். சாப்பாடு போகட்டும் என்று நின்றுவிட்டோம்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். அந்த டிக்கெட்டில் அப்போது இட எண் கிடையாது. படியேறிப் போய்க் கைப்பிடிக் கம்பியில் உங்கள் ஸ்கார்ஃபைக் கட்டினால் அது உங்கள் இடம். கட்டிவிட்டு வெளியே போய் வரலாம், யாரும் தொட மாட்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடித்து வளர்ந்தவன், இவ்வளவு தூரம் வந்து பார்த்தால் இங்கேயும் துண்டு! என்ன, நம் பஸ்ஸில் துண்டு ஒருவருடையது, சீட் இன்னொருவருடையது என்று சண்டை நடக்கும்; இங்கே அது இல்லை, அவ்வளவுதான். நண்பர்களிடம் ஸ்கார்ஃப் இருந்தது, என்னிடம் இல்லை. முகம் துடைக்கப் பையில் எப்போதும் ஓர் ஈரிழைத் துண்டு வைத்திருப்பேன், சிவப்புக் கரை போட்டது. அதை எடுத்துக் கட்டினேன். பக்கத்துப் பாட்டி ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் என் முடிச்சை அவிழ்த்து, தானே இறுக்கிக் கட்டிவிட்டார்.

ஆட்டம் எப்படி என்று கேட்பீர்கள். மேலிருந்து பார்த்தால் முகம் தெரியாது, ஆனால் அன்னங்கள் வரிசை மாறுவது கோலம் போடுவது மாதிரி தெரியும். கீழே நாற்காலியில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது, மறுபடியும் சொல்கிறேன், கிடைக்காது! குட்டி அன்னங்கள் நான்கு, குறுக்காகக் கை கோத்துக்கொண்டு ஆடுகிற இடத்தில் நான்கு தலையும் ஒரே வெட்டில் திரும்பியது. இசை தணிந்தபோது ஷூக்களின் சத்தம் லேசாக ஏறி வந்தது, பல்லாங்குழியில் சோழி போட்ட மாதிரி.

1964 அக்டோபரில் பாலே நட்சத்திரங்களான நூரியேவும் மார்கோ ஃபான்டெய்னும் இதே அரங்கில் இதே பாலேயை ஆடியபோது, கைதட்டல் ஓயாமல், 89 தடவை திரைக்கு முன்னால் வந்து வணங்க வேண்டியிருந்தது. கின்னஸ் சாதனை அது. தட்டியது யார்? உட்கார்ந்திருந்தவர்களுக்கு வாசலில் கொடுத்து வைத்த கோட்டைத் திரும்ப வாங்குகிற அவசரம் இருந்திருக்கும். நின்றவர்கள்தான் தட்டியிருப்பார்கள் என்று அடித்துச் சொல்வேன், ஆதாரம் கேட்காதீர்கள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான அந்த ஷூவைப் பற்றிப் பேசத்தான் முக்கியமாகக் குறிப்பு எடுத்து வந்தேன். உள்ளே மரக்கட்டை எல்லாம் இல்லை, துணியும் காகிதமும் பசையும் சேர்த்து இறுக்கிய கூடு, சில சமயம் ஒரே ராத்திரியில் நைந்துபோகும். அரங்கம் 1945இல் குண்டு விழுந்து எரிந்து 1955இல் திரும்ப எழுந்த கதையும் இருந்தது. சரி, நேரமில்லை.

சாப்பாடா? ராத்திரி பதினொரு மணிக்கு ஓப்பராவுக்குப் பின்னால் ஒரு சாசேஜ் கடையில், கால் கடுக்க. அங்கேயும் நாற்காலி கிடையாது. வணக்கம்.