உள்ளங்கையைச் சுத்தியலாக்க வேண்டாம்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

போன சித்திரையில், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியம். புதூர்ப் பக்கம் பட்டறையில் லாரி வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் வைத்தியத்துக்கு வந்தார். அவர் வலது கையைத் தொட்டுப் பார்த்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் சில்லென்று இருந்தன. சுண்டு விரல் நுனியில் மிளகளவு கறுப்பு. "வாயுப் பிடிப்புன்னு ஆறு மாசமா தைலம் தேய்க்கிறேன் சார்" என்றார்.

என்ன வேலை என்று விசாரித்தேன். இறுகிப்போன நட்டில் ஸ்பேனரை மாட்டி, உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவாராம். இருபது வருடப் பழக்கம்.

சுண்டு விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டை ஒட்டிய சதை மேட்டை அழுத்திப் பாருங்கள். ஆழத்தில் கொக்கி போல வளைந்த எலும்பு ஒன்று இருக்கிறது. விரல்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அதை ஒட்டித்தான் ஓடுகிறது. மேலே பெரிய பாதுகாப்பு எதுவும் கிடையாது. தட்டும்போதெல்லாம் அந்தக் குழாய் எலும்புக்கும் இரும்புக்கும் நடுவில் நசுங்குகிறது. நாளடைவில் உள்சுவர் சிதைந்து ரத்தம் உறையும். சிலருக்குக் குழாயே பலூன் மாதிரி உப்பிவிடும். உறைந்ததிலிருந்து துணுக்குகள் பிய்ந்துபோய் விரலை அடைக்கும். அந்தக் கறுப்பு அப்படி வந்ததுதான்.

மரச் சுத்தியலான கொட்டாப்புளியை எடுக்கச் சோம்பி, சட்டத்தைக் கையாலேயே தட்டி இறக்கும் தச்சர்களுக்கும் இது வரும். வாலிபால் ஆடுகிறவர்களுக்கும், விக்கெட் கீப்பர்களுக்கும் வரலாம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். புகையிலை ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும்.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். கையை இறுக்கி மூடுங்கள். மணிக்கட்டின் இரண்டு ஓரத்திலும் உள்ள நாடியை இன்னொருவர் அழுத்திப் பிடிக்கட்டும். இப்போது கையை விரியுங்கள், வெளுத்திருக்கும். சுண்டு விரல் பக்கத்து அழுத்தத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு நொடியில் சிவப்பு திரும்ப வேண்டும். தாமதமானால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பலருக்கு மாத்திரையும், தட்டுவதையும் புகையையும் விடுவதுமே போதும். சிலருக்கு உடம்பின் வேறு இடத்திலிருந்து சிரை என்ற ரத்தக் குழாயை எடுத்து, சிதைந்த இடத்தில் ஒட்டுப் போட வேண்டிவரும். அந்த லாரிக்காரருக்கு அறுவை தேவைப்படவில்லை. ரப்பர் சுத்தியல் வாங்கிக்கொண்டார், பீடியை விட்டார், புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. ஆனால் விரல் கறுத்தால், அல்லது திடீரென்று வெளுத்து வலித்தால், தைலத்தைத் தேடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வணக்கம்.