பனம்மட்டையும் ஒரு மீற்றரும்

வணக்கம் நேயர்களே. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட யாழ்ப்பாணத்தான் நான். இன்றைக்கு அந்தச் சைக்கிளைப் பற்றி ரேடியோவில் கதைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். கணக்குச் சரி.

நான் கதைக்க வந்தது, இங்கே அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள ஒரு மீற்றர் சட்டத்தைப் பற்றி. சைக்கிளை முந்துகிற வாகனம், வேக எல்லை 60 கிலோமீற்றர் வரையுள்ள வீதியில் குறைந்தது ஒரு மீற்றர் விடவேண்டும். எல்லை அதற்கு மேலே என்றால் ஒன்றரை மீற்றர். 2014 ஏப்ரலில் பரீட்சார்த்தமாக வந்து, 2016இல் நிரந்தரமானது.

"ஆர் தம்பி மீற்றர் கோல் கொண்டு கார் ஓடுறது?" என்று கோயில் வாசலில் ஒரு அண்ணர் கேட்டார். அவருக்கு என் ஐயாவின் கதையைத்தான் சொன்னேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஐயாவிடம் ஒரு கறுப்பு றலி சைக்கிள். என்னை முன் பாரில் இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோவார். மானிப்பாய் வீதியில் மினிபஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களை உரசுமாப்போல் போகும். ஐயா தாரை விட்டு மண்ணில் இறக்குவார். என் முழங்கால் ஹாண்டிலில் இடிபடும். வேலி அடைக்கிற நாட்களில் அதே சைக்கிளின் கரியரில் பனம்மட்டைகளைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு வருவார். இரண்டு பக்கமும் கருக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்குப் பார்க்கவேண்டும்! அதே வீதி, அதே மினிபஸ். பின்னால் மெல்ல மெல்ல வந்து, எதிரில் ஒன்றும் இல்லை என்று பார்த்து, அந்தக் கரையால் விலத்திப் போகும். பெயின்ற் கீறுப்பட்டுவிடுமே! ஐயா சொல்லிச் சிரிப்பார்: "மட்டைக்கு இருக்கிற மரியாதை உனக்கு இல்லையடா, மோனை."

ஆகவே அண்ணர், மீற்றர் கோல் தேவையில்லை. தன் வாகனத்தில் கீறல் விழும் என்றால் எல்லாருக்கும் அளக்கத் தெரியும்.

முன்பு சட்டத்தில் போதுமான இடைவெளி விடு என்றுதான் இருந்தது. எது போதும் என்று ஆர் சொல்வது? 2011இல் பிரிஸ்பேனில் சைக்கிளில் போன ஒரு இளம் வயலின் கலைஞர், முந்திய கொங்கிறீற் லொறியில் அகப்பட்டு இறந்தார். இடம் போதும் என்று சாரதி நம்பினார் என்பதே வழக்கில் வாதம். 2013இல் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். அந்த வருடமே நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அதற்குப் பிறகுதான் இந்த ஒரு மீற்றர்.

எங்கிருந்து அளப்பது? சில்லிலிருந்து இல்லை. வாகனத்தின் இடப்பக்கம் எது வெளியே நீட்டுகிறதோ, கண்ணாடியோ கட்டின ஏணியோ, அதிலிருந்து. இந்தப் பக்கம் ஹாண்டிலோ முழங்கையோ, எது வெளியே நிற்கிறதோ அதுவரை. கண்ணாடியை மறக்கவேண்டாம். போன வருடம் ஒரு வானின் கண்ணாடி என் முழங்கையில் "டக்" என்று பட்டு மடங்கியது. சாரதி தன்பாட்டுக்குப் போய்விட்டார். வடிகானின் மூடி, உடைந்த போத்தல் என்று நாங்கள் ஒரு சாண் விலகித்தான் ஓடவேண்டி வரும். அந்தச் சாணுக்கும் சேர்த்துத்தான் ஒரு மீற்றர்.

ஒடுக்கமான றோட்டில் எப்படி முந்துவது என்பார்கள். பாதுகாப்பாக இருந்தால், நடுவிலுள்ள தொடர்கோட்டைத் தாண்டியும் முந்தலாம். இதற்குச் சட்டமே இடம் தருகிறது. இப்போதுதான் ரேடியோ போட்டவர்களுக்கு இன்னொருக்கால்: எதிரில் ஆள் இல்லை, தூரத்துக்குத் தெரிகிறது என்றால், கோட்டைத் தாண்டலாம். முடியாவிட்டால் பின்னால் வாருங்கள், மினிபஸ் வந்ததுபோல. மீறினால் லைசென்சில் மூன்று புள்ளி, தண்டப்பணம் வேறு.

ஸ்ரூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார், இன்னும் இரண்டு நிமிடம்தான். இப்படிச் சட்டம் வேறு இடங்களிலும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் 1973லேயே மூன்று அடிச் சட்டம் வந்துவிட்டது. ஜேர்மனியில் 2020இலிருந்து ஊருக்குள் ஒன்றரை, வெளியே இரண்டு மீற்றர். இங்கிலாந்துப் பொலிஸ் சிவில் உடுப்பில் சைக்கிள் ஓடி ஆள் பிடித்த கதையும் வைத்திருந்தேன், அது கிடக்கட்டும்.

ஒரு விரல். சரி, காருக்குப் பின்னால் கரவன் என்கிற வீட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு மட்டும்: முந்தியாயிற்று என்று உடனே இடப்பக்கம் வெட்டாதீர்கள். உங்கள் கார் என்னைத் தாண்டிவிட்டது, கரவன் இன்னும் என் பக்கத்தில்தான் நிற்கிறது. நன்றி, வணக்கம்.