தண்ணி இல்லாத ஊர்ல மீன் சோறு! காந்தி ரோடு பெங்காலி மெஸ்ஸும் எங்க வீட்டு வடகமும்

[பாலாறு பாலம், கீழ வெறும் மணல்]

வேலூரப் பத்தி ஒரு பழைய பேச்சு உண்டு, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில்னு. இதுல சாமி கணக்கு மட்டும் 1981லயே தீந்துபோச்சு, கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்துட்டாரு. மத்ததெல்லாம் அப்படியேதான் கீது. நான் இன்னிக்கு இன்னொண்ணு சேக்கப்போறேன். கடல் இல்ல, ஆத்துலயும் தண்ணி இல்ல, ஆனா மதியமும் ராத்திரியும் மீன் சோறு மணக்குற ஒரு ரோடு நம்ம ஊர்ல கீது.

வணக்கம் மக்களே! ஆம்பூர் பிரியாணி வீடியோ போடுங்கன்னு நெறைய பேர் கேட்டிருந்தீங்க. அத போட்டவங்க ஏற்கெனவே ஏகப்பட்ட பேரு. இது யாரும் ஒழுங்கா சொல்லாத கதை, அதனால ஸ்கிப் பண்ணாம பாருங்க.

[காந்தி ரோடு, கடை போர்டுகள்]

போர்ட பாருங்க. தமிழ், இங்கிலீஷ், அதுக்குக் கீழ பெங்காலி, சில எடத்துல இந்தி. காரணம் சிஎம்சி ஆஸ்பத்திரி. வரலாற வேகமா சொல்லிடுறேன்: அத ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர், 1870ல நம்ம ராணிப்பேட்டைல பொறந்தவங்க, 1900ல ஒரே ஒரு படுக்கையோட வைத்தியம் ஆரம்பிச்சாங்க, 1918ல பொண்ணுங்களுக்குன்னு மெடிக்கல் ஸ்கூல். அவ்ளோதான். இன்னிக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ்னு 1,600 கிலோமீட்டருக்கு மேல ரயில்ல வந்து காட்பாடில எறங்குறாங்க. ஒரு நாள்ல முடியிற வேலையா? டெஸ்ட், ரிப்போர்ட், ஆபரேஷன், திரும்ப செக்கப்புன்னு வாரக்கணக்கு, சில பேருக்கு மாசக்கணக்கு ஆவுது. ஒடம்பு முடியாதவங்களுக்கு தெனமும் இட்லி சாம்பார் எறங்குமா சொல்லுங்க? நமக்கு அந்த ஊர்ல போய் மாசக்கணக்குல ரசம் கெடைக்கலன்னா எப்படி இருக்கும்?

அதான் பாபு ராவ் தெருவுல, அதச் சுத்தி இருக்குற சந்துல எல்லாம் லாட்ஜுலயே சமைச்சுக்கலாம். அடுப்பு, குக்கர், கடாய் எல்லாம் வாடகைக்கு கெடைக்கும். தள்ளுவண்டில காய் விக்கிற நம்ம அக்கா "ஆலு, பொட்டல்"னு கூவுறாங்க, ஆலுன்னா உருளக்கிழங்கு, பொட்டல்னா கோவக்கா மாதிரி ஒரு காய். எனக்கு இதுல ரொம்ப புடிச்ச விஷயம் ஒண்ணு சொல்லணும். பெங்காலில அண்ணனுக்கு 'தாதா'. மொத தடவ ஒருத்தர் என் ஃப்ரெண்ட பாத்து "தாதா, தாதா"ன்னு கூப்பிட்டாரு, இவனுக்கு வயசு இருபத்தெட்டு, 'தாத்தா'ன்னு காதுல விழுந்து முடியெல்லாம் தொட்டுப் பாத்துக்கிட்டான். அக்காவுக்கு 'தீதி', 'எவ்ளோ'வுக்கு 'கொத்தோ'. இந்த மூணு வார்த்த போதும், இந்த ரோட்டுல நீங்க ஒரு நாள் ஃபுல்லா சுத்தலாம்.

[எவர்சில்வர் தட்டு, க்ளோஸப்]

சரி, சாப்பாடு. மாச் பாத், அதாவது மீன் சோறு. புழுங்கரிசி சோறு ஒரு மேடு, ஓரத்துல தண்ணியா பருப்பு, உருளக்கிழங்கு பொரியல், நடுவுல ஒரு கிண்ணத்துல மாச்சேர் ஜோல். நம்ம மீன் கொழம்ப நெனச்சுட்டு வாயில வெச்சீங்கன்னா ஏமாந்துருவீங்க, புளி இல்ல. ரசம் மாதிரி ஓடுற மஞ்ச கலர் கொழம்பு, அதுல நீளமா வெட்டின உருளக்கிழங்கு, மேல பொரிச்ச ரோகு மீன் துண்டு. மொத வாய்க்கு ஒண்ணுமே புரியாது. மூணாவது வாய்ல மூக்குக்கு ஏறும் பாருங்க ஒரு காரம், மொளகா காரம் இல்ல, கடுகெண்ணெய். அவங்க அந்த எண்ணெய பொகை வர்ற வரைக்கும் காய்ச்சிட்டுதான் அடுத்த வேலையே பாப்பாங்க, இல்லன்னா நெடி தாங்காது. ரோகுல முள்ளு ஜாஸ்தி, பொறுமையா சாப்பிடுங்க. மீன் எங்கேருந்துன்னா, ரோகு, கட்லா எல்லாம் ஆந்திரா பக்கம் கொளத்துல வளக்குறது. கொல்கத்தாவுக்கே அங்கேருந்து லாரி லாரியா போவுது, நமக்கு அது பக்கத்து வீடு.

[எங்க மொட்ட மாடி]

இப்பதான் நான் இந்த வீடியோவே எடுக்கக் காரணமான எடம். அந்த ஜோல்ல அடில ஒரு வாசன வந்துச்சு. எனக்கு நல்லா தெரிஞ்ச வாசன, ஆனா பேரு வரல. கடக்காரர்கிட்ட கேட்டா ஒரு டப்பாவ தொறந்து காட்டுனாரு. பாஞ்ச் ஃபோரன். பாஞ்ச்னா அஞ்சு, ஃபோரன்னா தாளிப்பு. வெந்தயம், சீரகம், சோம்பு, கருஞ்சீரகம், கடுகு, அஞ்சும் அரைக்காம முழுசு முழுசா. வெந்தயமும் கடுகும் சேந்து எண்ணெயில பொரியிற அந்த வாசன, அடடா, இது எங்க அம்மா போடுற வடகம்!

நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு தெரியும், வெளியூர் மக்களுக்காக சொல்றேன். சித்திர வெயில்ல சின்ன வெங்காயத்த உரிச்சு இடிச்சு, பூண்டு, கடுகு, வெந்தயம், சீரகம், உளுத்தம்பருப்பு, கறிவேப்பில, மஞ்சத்தூள், உப்பு எல்லாம் போட்டு வெளக்கெண்ணெய் ஊத்திப் பெசஞ்சு உருண்ட புடிச்சு மாடில காய வெப்பாங்க, சாயங்காலம் எடுத்து மூடி வெச்சு, காலைல உதுத்து திரும்ப உருட்டி, இப்படியே பத்து நாள். வெயில் நாப்பதத் தாண்டுற ஊரு இல்லையா, இந்த ஒரு விஷயத்துக்கு நம்ம வெயில கும்பிடணும். உருண்ட கருத்துப் போய் கல்லு மாதிரி ஆவணும். அப்புறம் கொழம்புக்கோ கீரைக்கோ ஒரு துளி கிள்ளி எண்ணெயில போட்டா தெருவே திரும்பிப் பாக்கும்.

அவங்க தாளிப்ப கலந்து டப்பால வெக்கிறாங்க, நாம வெங்காயத்தோட சேத்து வெயில்ல காயவெச்சு உருட்டி வெக்கிறோம். அவ்ளோதான் வித்தியாசம். என்னைக் கேட்டா வடகம்தான் ஒரு படி மேல, வெங்காயம் காயும்போது வர்ற அந்த ருசி அவங்க டப்பால இல்ல. சண்டைக்கு வர்றவங்க கமெண்ட்ல வாங்க, உங்க வீட்டு வடகத்துல என்னென்ன போடுவீங்கன்னும் சேத்து எழுதுங்க. பாஞ்ச் ஃபோரன் ஆன்லைன்லயும் கெடைக்குது, ஆனா காந்தி ரோடு மளிகக் கடைல லூஸ்ல வாங்குங்க, மோந்து பாத்து வாங்கலாம்.

இன்னொண்ணு, இத மனசு விட்டு சொல்றேன். பாஷ தெரியாதவங்கன்னு ஆட்டோவுக்கு டபுள் ரேட்டு சொல்றத என் கண்ணால பாத்திருக்கேன். கைல ஸ்கேன் கவரோட நிக்கிறவங்ககிட்ட அத செய்யாதீங்க, ப்ளீஸ்.

எங்க பக்கத்து லாட்ஜுல மேற்கு வங்கத்து மால்டால இருந்து ஒரு தீதி, வீட்டுக்காரருக்கு வைத்தியம், ரெண்டு மாசம் இருந்தாங்க. அம்மா மாடில வடகம் காய வெக்கிறப்ப அந்தப் பக்க மாடில இருந்து எட்டிப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. ஒரு நாள் அம்மா ஒரு உருண்டைய நீட்டுனாங்க. வாங்கி மோந்து பாத்துட்டு "ஃபோரன்!"னாங்க. ஊருக்குப் போற அன்னிக்கு அம்மா பேப்பர்ல சுத்தி அஞ்சு உருண்ட குடுத்தாங்க. தீதி அத பையில டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்துல வெச்சுட்டு, "கொத்தோதின் தாக்பே?"னு கேட்டாங்க, எத்தினி நாள் இருக்கும்னு. அம்மாவுக்கு கொத்தோ மட்டும்தான் புரிஞ்சுது. ஒரு வெரல காட்டி, "ஒரு வருஷம்மா, அடுத்த சித்திர வரைக்கும் கெடாது"ன்னு தமிழ்லயே சொன்னாங்க.