பதினாறு வயதில் நடுக்களம்: கமாவிங்காவின் முதல் ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

16 வயதுப் பையனை ஓரத்து முன்கள வீரனாக இறக்கிப் பார்க்கக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் அவ்வளவாகத் தயங்குவதில்லை. அவன் பந்தை இழந்தாலும் மீட்கப் பின்னால் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். பின்வரிசைக்கு நேர் முன்னால் நிற்கிற நடுக்கள வீரனின் நிலைமை வேறு. அவன் பந்தைப் பறிகொடுத்தால் எதிரணியைத் தடுக்க இரண்டு தடுப்பாட்டக்காரர்களும் கோல்கீப்பரும்தான் மிச்சம். பிரான்சின் முதல்நிலை லீக்கில் அந்த இடத்துக்கு 16 வயதில் வந்து நிலைத்தவர் எடுவார்டோ கமாவிங்கா. எப்படி நிலைத்தார் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

2002 நவம்பர் 10 அன்று அங்கோலாவின் கபிண்டா பகுதியில் ஓர் அகதி முகாமில் பிறந்தவர். பெற்றோர் காங்கோவில் நடந்த போரிலிருந்து தப்பி வந்தவர்கள். அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பிரான்சுக்கு வந்து, பிரித்தானி வட்டாரத்தின் ஃபூஜேர் என்ற சிற்றூரில் குடியேறியது. உள்ளூர்க் கிளப்பில் விளையாடத் தொடங்கிய பையனை 2013-இல் ரென் கிளப் தன் இளையோர் அகாதமியில் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு அவர்கள் வீடு தீப்பிடித்து எரிந்துபோனது.

2018 டிசம்பரில், 16 வயது நிறைந்த அடுத்த மாதமே, ரென் அவரோடு தொழில்முறை ஒப்பந்தம் போட்டது. 2019 ஏப்ரல் 6 அன்று, 3-3 என முடிந்த ஆன்ஷே அணிக்கு எதிரான போட்டியின் கடைசி நிமிடங்களில் அவரைக் களமிறக்கியவர் பயிற்சியாளர் ஜூலியன் ஸ்தெஃபான். அந்தக் கோடையில் நடுக்களத் தூணாக இருந்த பெஞ்சமின் ஆந்த்ரே லீல் அணிக்குப் போய்விட, ஓர் இடம் காலியானது. திறமையோடு காலியிடமும் சேர்ந்து அமைந்தால்தான் இளம் வீரனுக்கு வாய்ப்பு. இது எல்லாக் கிளப்புகளிலும் நடக்கிற கதை.

2019 ஆகஸ்ட் 18. ரென் மைதானத்துக்குப் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் வந்தது. 1-1 என்றிருந்தபோது, இடைவேளை முடிந்த சிறிது நேரத்தில், கமாவிங்கா இடதுகாலால் உயர்த்திப் போட்ட பந்தை ரொமேன் தெல் காஸ்தியோ தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். ரென் 2-1 என வென்றது. மறுநாள் நாடே பேசியது அந்தப் பாஸைத்தான். ஆனால் நடுக்களத்தை உற்றுப் பார்ப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம், பாரிஸ் வீரர்கள் நெருக்கும்போது அவர் பந்தை வாங்கிய விதம்.

அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பந்து தன்னிடம் வருமுன்பே அவர் தலை ஒருமுறையாவது தோளுக்குப் பின்னால் திரும்பும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவார். அடுத்து, பந்தை நோக்கி நெஞ்சை நேராகக் காட்டி நிற்கமாட்டார். பாதி பக்கவாட்டில், ஒரு கண் பந்திலும் மறுகண் எதிர்க் கோல் பக்கமும் இருக்கும்படி நிற்பார். பந்து வரும்போது அருகிலுள்ள காலால் நிறுத்தாமல், உடலுக்குக் குறுக்கே ஓடவிட்டுத் தூரத்துக் காலால் ஏந்துவார். அந்த முதல் தொடுகையிலேயே நெருக்க வந்தவர் பின்னால் விடப்பட்டிருப்பார். மூன்று பாஸ்கள் செய்யவேண்டிய வேலை ஒரே தொடுகையில் முடிந்துவிடுகிறது.

இதில் ஆபத்தும் உண்டு. பாஸ் மெதுவாக வந்தால், திரும்பி முடிப்பதற்குள் எதிராளி வந்துவிடுவார். பின்னால் பார்க்க ஒருமுறை தவறினாலும், ஒருவரைக் கடந்து நேரே இரண்டாமவரின் காலுக்குள் போய் விழவேண்டியதுதான். ஆட்டம் சூடுபிடிக்கும்போது அவர் பந்தைத் தேவைக்கு மேல் சுமந்து ஓடுவதும் உண்டு. 2020-21 பருவத்தில் இந்தக் குறைகள் கூடுதலாகத் தெரிந்தன. அணியும் தடுமாறியது, மார்ச்சில் ஸ்தெஃபான் விலகினார். அந்த ஆண்டு யூரோ கோப்பைக்கான பிரெஞ்சு அணியில் கமாவிங்கா பெயர் இல்லை.

ஆனால் அதற்கு முன்பே தேசிய அணிக்குள் நுழைந்திருந்தார். 2019 நவம்பரில்தான் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அடுத்த செப்டம்பர் 8 அன்று, குரோஷியாவுக்கு எதிராகக் காண்டேவுக்குப் பதிலாக இறங்கினார். அப்போது 18 வயது நிரம்பவில்லை. அக்டோபரில் உக்ரைனைப் பிரான்ஸ் 7-1 என வென்ற போட்டியில், ஒன்பதாவது நிமிடத்திலேயே பின்புறமாகச் சாய்ந்து காற்றில் உதைத்த உதையில் தன் முதல் சர்வதேச கோலை அடித்தார்.

இனி பணக் கணக்கு. 2021 கோடையில் ரென் ஒப்பந்தத்தில் மிச்சம் ஒரே ஆண்டு. அதைத் தாண்டினால் வீரர் இலவசமாகவே போய்விடலாம் என்பதால் கிளப்பின் பேரம் பேசும் பலம் குறைந்தது. ஆகஸ்ட் 31 அன்று, 3 கோடி யூரோவுக்குச் சற்று அதிகமான விலைக்கு, ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்புக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் போனார். நாடுவிட்டு நாடு மாறும் இப்படிப்பட்ட விலையில் 5 சதவீதத்தை, வீரரின் 12 வயதிலிருந்து 23 வயதுவரை பயிற்சி தந்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரச் சொல்கிறது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. 15 வயதுவரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், அதன்பின் ஆண்டுக்கு 0.5. மூன்று கோடிக்கு 0.25 சதவீதம் என்றாலே 75,000 யூரோ. சிற்றூர்க் கிளப்புக்கு அது பெருந்தொகை. கமாவிங்கா 12 வயதுக்கு முன்பே ரென்னுக்குப் போய்விட்டதால், இந்த விதியின் கீழ் ஃபூஜேருக்குப் பங்கில்லை. பந்தை முதலில் கொடுத்த இடத்துக்கு ஒன்றும் போகாத இந்த விதி திருத்தப்படவேண்டியது என்பது என் உறுதியான கருத்து.

மாட்ரிட்டில் முதல் போட்டி செல்டா வீகோவுக்கு எதிராக. மாற்று வீரராக வந்து சில நிமிடங்களில் கோல். ஆனால் அங்கே வெளிப்பட்ட சிக்கல் டேக்கிள், அதாவது எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது. நீண்ட கால்களை நீட்டிப் பக்கத்திலிருந்து பந்தைக் கொக்கிபோட்டு எடுப்பது அவர் பழக்கம். கால் ஒரு நொடி தாமதித்தால் மஞ்சள் அட்டை. முதல் பாதியிலேயே அது வந்துவிட்டால் மீதி ஆட்டம் முழுக்க ஒதுங்கி ஆடவேண்டும். தரையில் சரிந்து பந்தைத் தவறவிட்டாலோ, எழுந்து வருவதற்குள் அவர் காக்கவேண்டிய இடம் திறந்துகிடக்கும். தொடக்கத்திலிருந்து ஆடவைப்பதைவிட இரண்டாம் பாதியில் அவரை இறக்கவே மாட்ரிட் பயிற்சியாளர் ஆன்செலோட்டி அந்தப் பருவத்தில் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். களைத்துப்போன எதிரணிக்கு முன்னால் அந்தக் கால்களும் அந்தத் திரும்பலும் இரட்டிப்பாக வேலை செய்தன.

2022 மே 4, ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி, எதிரணி மான்செஸ்டர் சிட்டி. மோட்ரிச்சுக்குப் பதிலாக வந்திருந்தார். தொண்ணூறாவது நிமிடம், மாட்ரிட் வெளியேறும் நிலை. கமாவிங்கா இடதுகாலால் தூரத்துக் கம்பத்தை நோக்கி உயர்த்தினார். பென்சிமா அதைத் தரை தொடவிடாமல் குறுக்கே தட்ட, ரோட்ரிகோ கோலாக்கினார். அடுத்த நிமிடத்தில் ரோட்ரிகோ இன்னொன்று போட, கூடுதல் நேரத்தில் மாட்ரிட் வென்றது. மே 28 அன்று பாரிசை அடுத்த சென் தெனியில் லிவர்பூலோடு இறுதிப் போட்டி. மாட்ரிட் 1-0 என முன்னிலையில் இருக்க, அதைக் காக்கும் பொறுப்போடு கடைசி நிமிடங்களில் வால்வெர்டேவுக்குப் பதிலாக இறக்கப்பட்டார், 19 வயதில்.

நன்றி, வணக்கம்.